பங்க்குல ஊத்தின கரெண்ட்

பேராண்டி, புது வண்டி வாங்கினதுக்கு எனக்கும் சந்தோஷம்தான்டா. மாலை போட்டு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுக்கி, திருக்கழுக்குன்றம் கோயில் வாசல்ல நிறுத்திப் பூசையும் பண்ணியாச்சு. அதோட விட்டிருந்தா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தெருவுல போறவன் வர்றவன் எல்லார்கிட்டயும், "இது ஹைப்ரிட்டு, ஓட ஓடத் தானே சார்ஜ் ஆயிடும், கரெண்ட்டுக்குச் செலவே இல்லை"ன்னு சொல்லிக்கினு திரியறியே, அதைத்தான் என்னால தாங்க முடியலை. காலமெல்லாம் ஆயில் இன்ஜின் பிரிச்சு மாட்டின கை இது. தானா ஓடற இன்ஜினும் தானா நிரம்பற தொட்டியும் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துல ஒருத்தன் கிட்டயும் கிடையாது, ராசா.

வண்டியோட ஒரு தடிப் புஸ்தகம் குடுத்தானே, அதை நீ உறையைக்கூடப் பிரிக்கலை. உன் தங்கச்சியை உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லி நான் கேட்டேன். படிச்ச பிள்ளை நீ, படிக்காதவன் நான். ஆனா வண்டியைப் பத்திப் படிச்சது யாருன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.

மொதல்ல வண்டியைச் சுத்தி ஒரு வாட்டி நடந்து வா. வெளியில இருந்து சக்தி உள்ள போறதுக்கு எத்தனை வாசல் இருக்குன்னு எண்ணு. பிளக் சொருகற ஓட்டை இல்லை. கூரையில சோலார் இல்லை. ஒரே ஒரு வாசல்தான், பெட்ரோல் மூடி. அப்பால, பேட்டரியில இருக்கிற கரெண்ட் எங்கேர்ந்து வந்துச்சு? மாமனார் வீட்டுச் சீதனமா? அத்தனையும் நீ பங்க்குல காசு குடுத்து ஊத்தினதுடா. இப்ப விக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்கறான், கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசின்னு எதெதுலேர்ந்தோ காய்ச்சினது. படாளம் சர்க்கரை ஆலைக்கு மாட்டுவண்டியில கரும்பு ஏத்திக்கினு போன காலத்துல, பின்னாடி ஒரு நாள் பேரன் கரும்பை ஊத்தி கார் ஓட்டுவான், அதையும் கரெண்ட்டுன்னு பேசுவான்னு யாராவது சொல்லியிருந்தா, கள்ளு மப்புன்னு நெனச்சிருப்பேன்.

இந்தத் "தானே சார்ஜ் ஆவுது" பேச்சை நீ மட்டும் நம்பலை, அதனால ரொம்ப வெக்கப்படாதே. நார்வேன்னு ஒரு குளிர் தேசம். அங்க லெக்ஸஸ் கம்பெனிக்காரன் இதே வார்த்தையைப் போட்டு விளம்பரம் பண்ணான். கரெண்ட் ஓசியில வர்ற மாதிரி சனங்களை நெனக்க வெக்கிறியேன்னு 2020ல அந்த ஊர் நுகர்வோர் அதிகாரிங்க அதை நிறுத்தச் சொல்லிட்டாங்க. நார்வேக்காரனுக்குச் சர்க்கார் வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. உனக்குத் தாத்தன் இருக்கேன்.

எரிக்கிறதைக் காட்டியும் அதிகமா எரிபொருளை விளைவிக்கிற சமாச்சாரம் வேணும்னா, அது இங்கேயே கடலோரம் கல்பாக்கத்துல இருக்கு. ஈனுலைன்னு பேரு. 500 மெகாவாட். 2004ல கட்ட ஆரம்பிச்சு, உலைக்குள்ள பாகங்களை ஏத்தத் தொடங்கினது 2024 மார்ச்சுல. இருபது வருஷம்! அதுவும் ஒண்ணுமில்லாததுலேர்ந்து விளைவிக்கலை. சும்மாக் கிடக்கிற யுரேனியத்தைச் சுத்தி வெச்சு, அதைப் புளூட்டோனியமா மாத்துது. அம்மாம் பெரிய விஞ்ஞானிங்களே ஓசியில எதையும் எடுக்கலை. நீ மட்டும் ஷோரூம்ல கையெழுத்துப் போட்டு ஓட்டிக்கினு வந்துட்டியாக்கும்.

சரி, எப்படிச் சார்ஜ் ஆவுது? ரெண்டு வழி. ஒண்ணு நீ பெருமையா சொல்ற பிரேக்கு. இன்னொண்ணு நீ வாயே திறக்காத இன்ஜின். பெரிய வேலை பார்க்கிறது அந்த இன்ஜின்தான், அதனால அதை மொதல்ல சொல்றேன்.

நம்ம மேட்டுக் கொல்லையில ஆயில் இன்ஜின் வெச்சுத் தண்ணி இறைச்சோமே, அது உனக்கு ஞாபகம் இருக்காது. ரெண்டு பாத்தி கீரைக்குத் தண்ணி வேணும்னா அதுக்குன்னு இன்ஜினை மெல்ல உருட்ட மாட்டோம். மெல்ல உருட்டினா குடிக்கிற டீசலுக்குத் தண்ணி கட்டாது. நல்லா முழு வேகத்துல ஓடவிட்டுத் தொட்டியை நெரப்பிட்டு, இன்ஜினை நிறுத்திடுவோம். அப்பால கீரைக்கு, மாட்டுக்கு, குளிக்க எல்லாம் தொட்டியிலேர்ந்துதான். உன் வண்டிக்குள்ள நடக்கிறதும் இதேதான். எந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கும் ஒரு நல்ல நடை உண்டு. அந்தச் சுமையில, அந்த வேகத்துல ஓடினா குடிச்ச பெட்ரோலுக்கு நியாயமா உழைக்கும். டிராபிக்ல ஊர்ந்தா பாதி உழைப்புக்கூட வராது, மிச்சமெல்லாம் சூடாப் போவும். ஹைப்ரிட்டுல இருக்கிற கம்ப்யூட்டர் இன்ஜினை அந்த நல்ல நடையிலேயே வெச்சுக்கப் பார்க்குது. வண்டிக்கு வேண்டியதைக் காட்டியும் மிஞ்சினதைக் கரெண்ட்டாக்கிப் பேட்டரியில போடுது. ஊர்ற இடம் வந்தா இன்ஜினை அணைச்சிட்டு, மோட்டார்ல ஓட்டுது.

இதுக்குள்ள ரெண்டு மோட்டார் இருக்கு, தெரியுமா? டொயோட்டாக்காரன் ஏற்பாட்டுல, நடுவுல ஒரு பல்சக்கரம், அதைச் சுத்தி வர்ற குட்டிச் சக்கரங்க, வெளியில ஒரு வளையம். சுத்தி வர்ற கூட்டத்தை இன்ஜின் தள்ளுது. நடுச்சக்கரத்துல ஒரு ஜெனரேட்டர். வளையம் பெரிய மோட்டாரோடவும் ரோட்டுச் சக்கரத்தோடவும் சேர்ந்திருக்கு. இன்ஜினோட பலம் ஒரு பங்கு நேரா ரோட்டுக்குப் போவும், ஒரு பங்கு ஜெனரேட்டர் வழியாக் கரெண்ட்டாவும். கிளட்ச் இல்லை, கியர் மாத்தற தொல்லை இல்லை. ஹோண்டா சிட்டியில வேற மாதிரி. ஊருக்குள்ள இன்ஜின் வேலையே கரெண்ட் எடுக்கிறதுதான், சக்கரத்தைச் சுத்தறது மோட்டார். நெடுஞ்சாலை வேகம் வந்தா இன்ஜின் நேரா சக்கரத்தைப் பிடிச்சுக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்னு எனக்கு ஆசை. உன் வண்டி மேல கை வெக்க மாட்டேன், பயப்படாதே.

இதொண்ணும் நேத்துப் பொறந்த புத்தி இல்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900லயே பெட்ரோல் இன்ஜினை வெச்சு ஜெனரேட்டரைச் சுத்தி, சக்கரத்துலயே மோட்டாரை மாட்டி வண்டி செஞ்சுட்டாரு. ஜப்பான்காரன் 1997 டிசம்பர்ல பிரியஸ்னு கடைக்குக் கொண்டாந்தான். அது நம்ம தேசத்துக்கு 2010ல வந்துச்சு. வந்த வெலையைக் கேட்டு வந்த வழியே போயிடுச்சு.

இப்ப பிரேக்குக்கு வருவோம். மோட்டாருக்குக் கரெண்ட் குடுத்தா சுத்தும். அதே மோட்டாரை நீ சுத்தினா கரெண்ட் குடுக்கும். மைக்கேல் ஃபாரடே 1831ல கண்டுபிடிச்ச தத்துவம். எங்க காலத்துச் சைக்கிள் டைனமோவும் அதுதான். அதைச் சக்கரத்துல சாய்ச்சதும் மிதிக்கக் கனக்கும் பாரு, அந்தக் கனம்தான் உன் வண்டிக்கு பிரேக்கு. நீ பெடல்ல மெல்லக் கால் வெச்சா, மொதல்ல டிஸ்க்கு பிடிக்காது. சக்கரம் மோட்டாரைச் சுத்தும், மோட்டார் கனம் குடுத்து வண்டியை மடக்கும், வந்த கரெண்ட் பேட்டரிக்குப் போவும். சடார்னு மிதிச்சா மோட்டாரால அம்மாம் வேகமாப் பிடிக்க முடியாது, டிஸ்க்கும் கூடச் சேர்ந்து கவ்விடும். டிஸ்க்கு கவ்வின அம்புட்டும் சூடாகிக் காத்துலே போச்சு. ஆக, எதிர்ல நிக்கிறவன் பம்பர் வரைக்கும் பறந்து போயி நின்னு மிதிக்கிறியே, அந்த வீரத்துக்கு ஹைப்ரிட் எதுக்கு? உன் அப்பன் ஓட்டின பழைய வண்டியே போதுமே.

எம்மாம் கரெண்ட் வருதுன்னு கணக்குப் போடலாமா? ஆளோட சேர்த்து உன் வண்டி ஒண்ணரை டன்னுன்னு வெச்சுக்கோ. 80 கிலோமீட்டர் வேகத்துல வந்து பரனூர் டோல்கேட்டுல முழுசா நிக்கிறே. அந்த ஓட்டத்துல இருந்த சக்தி மொத்தமும் ஒரு யூனிட்டுல பத்துல ஒரு பங்கு. முழுசாப் பிடிச்சு வெச்சாலும் 9 வாட் எல்இடி பல்பு பதினோரு மணி நேரம் எரியும், அவ்வளவுதான். முழுசாப் பிடிக்கவும் முடியாது. டயர், காத்து, மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரின்னு கைமாறக் கைமாற ஒவ்வொருத்தனும் தன் கமிஷனை எடுத்துக்குவான். டோலுக்கு நீ குடுக்கிற காசையும், அங்க நீ பிடிக்கிற கரெண்ட்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாரு. சிரிப்பு வரும், அப்பால அழுகை வரும்.

இன்னும் நம்பலையா? மாமல்லபுரத்துல அந்த வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கு இல்ல, சரிவுல நிக்குதே. 250 டன்னுன்னு சொல்றாங்க. 1908ல கவர்னர் லாலி துரை யானை ஏழு கட்டி இழுத்தும் அசையலைன்னு ஒரு கதை. நீ எப்படியோ அதை உருட்டி, பத்து மீட்டர் பள்ளத்துல விட்டு, வர்ற சக்தியை ஒரு சொட்டு சிந்தாம கரெண்ட்டாக்கிட்டேன்னே வெச்சுக்கோ. 7 யூனிட்டுகூட வராது. நம்ம சர்க்கார் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சும்மா குடுக்குது. ஒரு பாறைக்கே அந்தக் கதின்னா, ஒரு மேம்பாலத்துல எறங்கும்போது உன் வண்டி என்னாத்தைக் கிழிக்கும்?

பேட்டரியும் குட்டிதான்டா. உன் வண்டி மாருதி கிராண்ட் விட்டாரா. அதுவும் டொயோட்டா ஹைரைடரும் 2022ல வந்த ஒரே வயித்துப் பிள்ளைங்க. ரெண்டுலயும் பேட்டரி 0.76 யூனிட்தான் கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல ஏறக்குறைய 9 யூனிட் சூடு இருக்கு. மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில இருக்கிற மஹிந்திராவோட ஆராய்ச்சிக் கூடத்துல உருவாக்கின பிஇ 6 முழுக் கரெண்ட் வண்டி, அதுல பெரிய பேட்டரி 79 யூனிட். உன்னோடதைக் காட்டியும் நூறு பங்கு பெருசு. அந்தக் குட்டிப் பேட்டரியையும் முழுசா நெரப்ப விடாது, முழுசா வத்தவும் விடாது. பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வெச்சுக்கப் பார்க்கும். அப்படி வெச்சாத்தான் பேட்டரி பல வருஷம் உழைக்கும், அடுத்த பிரேக்குல வர்றதுக்கும் எடம் இருக்கும். திரையில நாலு கோடு தெரிஞ்சா வண்டி கெட்டுப்போச்சுன்னு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டியாமே, உன் தங்கச்சி சொல்லிச் சிரிச்சா.

பேட்டரியே இல்லாம இந்த வேலையைச் செய்யறவன் ஒருத்தன் தெனம் செங்கல்பட்டுக்கு வந்துக்கினு போறான். பீச்சுலேர்ந்து வர்ற லோக்கல் ரயில்தான். பெரம்பூர் ஐசிஎப்ல செஞ்ச புது மாடல் வண்டிங்க பிரேக் போட்டா, மோட்டார்ல பொறக்கிற கரெண்ட் மேல இருக்கிற 25,000 வோல்ட் கம்பிக்கே திரும்பிப் போயிடும். பக்கத்துல வேற ரயில் கெளம்பினா அதை எடுத்துக்கும். மறைமலை நகர்ல நிக்கிற ரயில் சிங்கப்பெருமாள் கோவில்ல கெளம்பற ரயிலுக்குக் கை குடுக்குது. சத்தமில்லாம குடுக்குது. உன்னை மாதிரி ஸ்டேட்டஸ் போடலை.

அப்ப ஹைப்ரிட் வாங்கினது வீணான்னு மூஞ்சைத் தூக்காதே. நீ தெனம் போற ரோடு எது? ஜிஎஸ்டி ரோடு. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், கிளாம்பாக்கம், பெருங்களத்தூர். பொங்கலுக்கு மொத நாள் அங்க வண்டி ஓட்டறதுன்னு சொல்லக்கூடாது, நகத்தறதுன்னு சொல்லணும். சாதா வண்டி நின்ன எடத்துலயே பெட்ரோலைக் குடிச்சுக்கினு நிக்கும். உன் வண்டி இன்ஜினை அணைச்சிட்டு நகரும். நூறு வாட்டி நின்னா நூறு வாட்டியும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பப் பிடிக்கும். கம்பெனிக்காரன் சொல்ற 27.97 மைலேஜ் சோதனைக் கூடத்துக் கணக்கு. ஆனா சாதா வண்டிக்கும் உன் வண்டிக்கும் இருக்கிற வித்தியாசம் அதிகமாத் தெரியறது இந்த நரகத்துலதான். ஊர்ல எல்லாரும் திட்டற ரோடு உனக்கு மட்டும் லாபம். கேட்டா மத்தவன் அடிப்பான், வெளியில சொல்லாதே.

ஒண்ணை மட்டும் காதுல போட்டுக்கோ. சிக்னல்ல நின்னா நியூட்ரல் போடற பழக்கம் உன் அப்பன்கிட்டேர்ந்து வந்தது. அதை விடு. நியூட்ரல்ல இருந்தா இந்த வண்டியில பேட்டரி சார்ஜ் ஆவாதுன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கான். அந்த நேரத்துல ஏசியும் பாட்டும் ஓடிக்கினே இருக்கும், பேட்டரி எறங்கிக்கினே போவும். டிரைவுலயே வெச்சு பிரேக்குல கால் வை, ரொம்ப நேரம்னா பார்க்கிங் போடு. பள்ளத்துல எறங்கும்போது நியூட்ரல்ல உருட்டினா பெட்ரோல் மிச்சம்னு எவனாவது சொன்னா, அவன் பேச்சைக் கேக்காதே. பிடிக்க வேண்டிய கரெண்ட்டும் போச்சு, வண்டி மேல பிடியும் போச்சு.

அக்னி நட்சத்திரத்துல ஏசியை முழுசா வெச்சுக்கினு ரோட்டோரம் நின்னு போன் பேசுவே. கொஞ்ச நிமிஷம்தான் பேட்டரி தாங்கும். அப்பால யாரும் தொடாமலே இன்ஜின் தடதடன்னு கெளம்பும். பேய் இல்லை. ஏசிக்கும் பேட்டரிக்கும் சேர்த்து உன் பெட்ரோல் எரியுது, அவ்வளவுதான். பின்சீட்டுப் பக்கம் ஒரு சல்லடை தெரியுதா, பாரு. பல ஹைப்ரிட்டுல பேட்டரி மூச்சு விடற வழி அதுதான். கோவளம் கடல்ல குளிச்சிட்டு ஈரத் துண்டையும் மணல் பையையும் அது மேலயா போடுவே?

வெளிநாடு போறேன்னு மாசக்கணக்குல ஷெட்டுல பூட்டிட்டுப் போயிட்டா ரெண்டு பேட்டரியும் எறங்கும். குட்டி 12 வோல்ட் பேட்டரி செத்தா பெரிய பேட்டரி எழுந்துக்கவே எழுந்துக்காது. அதனால அப்பப்போ யாராவது ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓட்டிட்டு வெக்கணும். அந்த யாராவது நான்தான்னு நீ நெனச்சா, சாவியோட பெட்ரோல் காசும் குடுத்துட்டுப் போ.

உன் மச்சான் ஒருத்தன் இருக்கானே, பழைய சியாஸ் வெச்சிருக்கிறவன். பின்னாடி ஹைப்ரிட்டுன்னு ஒரு பட்டை ஒட்டியிருக்கு, அதைக் காட்டிக் காட்டிப் பேசுவான். 2015ல வந்த ரகம். அது பெல்ட்டுல மாட்டின சின்ன மோட்டார். இன்ஜினைக் கெளப்பும், எடுக்கும்போது லேசாத் தள்ளும், பிரேக்குல ஒரு துளி பிடிக்கும். மோட்டார்ல மட்டும் ஒரு அடி நகராது. அவன்கிட்ட இதைச் சொல்லாதே, கல்யாண வீட்டுல சண்டை வரும். பிளக் சொருகற ஹைப்ரிட்டுன்னு ஒண்ணும் உண்டு, பேட்டரி பெருசு, வீட்டுலயே சார்ஜ் போடலாம். அது உன் சம்பளத்துக்கு மேல.

ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல மாமல்லபுரம் போனா இந்தச் சாமர்த்தியம் ரொம்ப எடுபடாது. தட்டையான ரோடு, ஒரே வேகம், பிரேக்குக்கு வேலை கம்மி. இன்ஜின்தான் இழுக்கணும், நீ அழுத்தற அழுத்துக்குக் காத்தே பாதியைத் தின்னுடும். நெம்மேலி தாண்டி நூத்திப்பத்துல பறந்துட்டு, "என்ன தாத்தா மைலேஜ் வரலை"ன்னு என்கிட்ட வராதே.

சர்க்காருக்கும் இந்தக் கணக்கு நல்லாவே தெரியும். பச்சை நம்பர் பலகை கரெண்ட் வண்டிக்குத்தான், உனக்கு வெள்ளைதான். 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப உன்னை மாதிரி ஹைப்ரிட்டுக்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 43 சதவீதம். 2025 செப்டம்பர் 22க்கு அப்பால 40. முழுக் கரெண்ட் வண்டிக்கு 5. அவ்வளவு வித்தியாசம் வெச்சு டில்லியே சொல்லிடுச்சு இது எந்தக் கணக்குல சேர்த்தின்னு. நீதான் தெருவுல நின்னு ஒத்துக்க மாட்டேங்கறே.

மீட்டர் காட்டற மைலேஜை நம்பாதே. ஒரு தரம் டேங்க்கை நெரப்பு, ஓட்டு, மறுபடி அதே பங்க்குல நெரப்பி, ஊத்தின லிட்டரால ஓடின கிலோமீட்டரை வகுத்துப் பாரு. வர்ற நம்பரைத்தான் ஊருக்குச் சொல்லணும். முள்ளு சிவப்புக்கு எறங்கற வரைக்கும் ஓட்டாதே. பெட்ரோல் தீர்ந்துட்டா அந்தக் குட்டிப் பேட்டரி உன்னைத் திருப்போரூர்லேர்ந்து கேளம்பாக்கம்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்காது. நீ வாங்கினது பெட்ரோல் வண்டிடா, பேராண்டி. நல்ல பெட்ரோல் வண்டி.